ஒரு லிட்டர்

பிப்ரவரி 12, புதன்

கோயமுத்தூரிலிருந்து இன்று மதியம் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்ததும் என் மனைவி துளசிமணி படுத்துவிட்டாள்.

டாக்டர் ஜெசிந்தா தினமும் மூன்று விஷயங்களை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் அவளுடைய எடை, நாள் முழுக்கக் குடித்த தண்ணீர், போன சிறுநீர். எனக்கு இது புதிய வேலை அல்ல. முப்பத்தோரு வருஷம் குடிநீர் நீரேற்று நிலையத்தில், மணிக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பதிவேட்டில் எழுதியவன். என் பதிவில் எந்த அதிகாரியும் ஒரு எண்ணைக்கூடச் சுழித்ததில்லை. பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் தொடங்குகிறேன்.

நேற்று அவள் வயிற்றிலிருந்து ஆறரை லிட்டர் நீர் எடுத்தார்கள். குழாய் வழியாக இளமஞ்சளாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எம்பட வயிறு இத்தனூண்டுதானுங்களா?" என்று சிரித்தாள். அதே சமயம் அவள் கையில் ஒரு சின்ன பாட்டில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்படி மூன்று பாட்டில்.

"ஒரு பக்கம் தண்ணிய எடுக்கறீங்க, இன்னொரு பக்கம் ஏத்தறீங்களே?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்து எனக்குப் படம் போட்டுக் காட்டினார். "ஈரல் சுருங்கிப் போனா ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து அகலமாயிடும் சார். ரத்தம் இருக்கும், அழுத்தம் இருக்காது. கிட்னி அதைப் பார்த்துட்டு உடம்புல தண்ணியே இல்லைன்னு நினைச்சுக்கும். உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா அந்தத் தண்ணி குழாய்ல நிக்காது, வயித்துல கசியும். இப்ப நாங்க ஒரேயடியா எடுக்கறப்போ அழுத்தம் இன்னும் விழுந்து கிட்னி நின்னு போயிடலாம். அதுக்குத்தான் இந்த அல்புமின். குழாய்க்குள்ள தண்ணிய இழுத்து நிறுத்தற புரதம்."

"அப்ப வயிறு நெறயத் தண்ணி இருந்தும் உள்ள வறண்டுதான் கெடக்குதுங்களா?"

"அதேதான். அதை மறந்துடாதீங்க."

குழாய், அழுத்தம், கசிவு. இதெல்லாம் எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

வீட்டில் செய்ய வேண்டியது: சர்க்கரைக்காரி, இனிப்பு ஏற்கெனவே இல்லை; இனி உப்பும் பேருக்குத்தான். ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதால் நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. காலையில் நீர் மாத்திரை ஒன்று. சிரப் இரண்டு வேளை. அந்தச் சிரப்பால் தினமும் இரண்டு மூன்று தடவை வயிறு போக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பின் கழிவு தலைக்கு ஏறிப் புத்தி தடுமாறும். பேதியோ வாந்தியோ ஆனால் நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்ய வேண்டும். எடை ஒரு நாளில் அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது.

எடை 65.2.

பிப்ரவரி 14, வெள்ளி

எடை 65. தண்ணீர் 1000. சிறுநீர் 900.

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி அலமாரியில் வைத்துவிடுகிறேன். காப்பி, மோர், ரசம் எது கொடுத்தாலும் அந்த அளவுக்கு அதிலிருந்து கொட்டிவிடுவேன். மிச்சம்தான் தண்ணீர். சாயங்காலம் ஐந்து மணிக்கே பாட்டில் காலி.

"எனக்கும் ஒரு பம்ப் ஹவுஸ் வெச்சுட்டீங்களாக்கு" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

எடை 64.1. தண்ணீர் 1000. சிறுநீர் 1100.

நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிறாள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தேன். அது 20 மில்லி. அதையும் கழித்தேன். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் அக்கா பார்க்க வந்தபோது, "ஒரு டம்ளர் தண்ணிக்கு எங்கூட்டுக்காரரு கிட்ட மனுப் போடோணுமுங்க்கா" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. யாருக்காக இவ்வளவும் செய்கிறேன்?

மாலையில் வினோதினி ஓசூரிலிருந்து பேசினாள். என் எண்களைப் படித்துக் காட்டினேன். "அப்பா, நீங்க பாத்துக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்றாள் மகள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கோயமுத்தூர் போய் வந்தோம். எடை 63. சோடியம் ஏறியிருக்கிறது. டாக்டர் என் டைரியைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்லை சார்" என்றார். நீர் மாத்திரையை இரண்டாக்கினார். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட் கீழ்த்தளத்தில் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். நான் வாங்கப் போனேன். கூட்டம். திரும்பி வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அதற்குள் துளசிமணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"டாக்டரம்மா இனி தாகத்துக்குத் தண்ணி குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க. உப்பு மட்டும் ஆகாதாம். ஒரு லிட்டர் கணக்கெல்லாம் வேண்டாங்கறாங்க."

சீட்டைப் பார்த்தேன். மாத்திரைகளுக்குக் கீழே டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி கிறுக்கலாக இருந்தது. படிக்க முடியவில்லை. உள்ளே அடுத்த நோயாளி போய்விட்டார். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

தாகத்தில் இருப்பவளுக்கு எது சொன்னாலும் தண்ணீர் என்றுதான் காதில் விழும். மாத்திரையை இரண்டாக்கிவிட்டுத் தண்ணீரையும் திறந்துவிடுவார்களா? நீரை வெளியேற்றுவதற்குத்தானே மாத்திரை? போன் செய்து கேட்கலாம். ஆனால் இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று நினைப்பார்.

ஒரு லிட்டரே தொடர்கிறது.

பிப்ரவரி 26, புதன்

எடை 62.6. தண்ணீர் 1000. "நானென்னங்க பொய்யா சொல்றேன்?" என்று ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

எடை 60.4. நல்ல முன்னேற்றம். கால் வீக்கம் முழுக்க வற்றிவிட்டது. வயிறும் தட்டையாகிவிட்டது.

நேற்றிலிருந்து ஐந்தாறு தடவை வயிறு போகிறது. தண்ணீராகப் போகிறதாம். சிரப் குடித்தால் போகத்தான் செய்யும். பேதி வேறு, மருந்தால் போவது வேறு. வெளியே போகிற ஒவ்வொரு சொட்டும் வயிற்றில் சேராத சொட்டு.

"மாத்திரைய இன்னிக்கு ஒரு நாளு விட்டுரலாமுங்களா? கிறுகிறுன்னு வருது" என்றாள்.

இப்படி எடை குறைந்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். கொடுத்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

எடை 58.9. தண்ணீர் 1000 என்று எழுத முடியாது. எவ்வளவு என்று தெரியாது.

காலை பதினோரு மணிக்குப் பால்கணக்கு முடித்துவிட்டு வந்தபோது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. துளசிமணி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குளிக்கிற மக்கில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மக்கைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பாதியை மேலே கொட்டிக்கொண்டாள்.

கத்திவிட்டேன். மயிலாத்தாள் அக்கா வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவள் ஈரப் புடவையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மக்கைப் பிடுங்கி வெளியே வீசினேன்.

மத்தியானம் தாளிக்கும்போது கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கடுகைத் தேடினாள். சிறுநீர் 450. உள்ளே இருந்த கெட்ட நீர் தீர்ந்து வருகிறது என்று அர்த்தம்.

மார்ச் 5, புதன்

எடை 58. சிறுநீர் 250. அதிகம் தூங்குகிறாள்.

மார்ச் 7, வெள்ளி. கோயமுத்தூர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எழுப்பினேன். என்னைப் பார்த்து, "வாண்ணா, எப்ப வந்தே?" என்றாள். அவள் அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். மயிலாத்தாள் அக்காவின் மருமகன் காரில் கொண்டுவந்து சேர்த்தோம். ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே. கையை நீட்டச் சொன்னால் விரல்கள் பறவை இறக்கை அடிப்பதுபோல உதறின. கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், ஒன்றையொட்டி இருக்க வேண்டியது, மூன்றரை. கிட்னி வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று இளம் டாக்டர் ஒருவர் சொன்னார்.

ஜெசிந்தா டாக்டர் வந்ததும் நீர் மாத்திரையை நிறுத்தினார். அல்புமின் பாட்டில்கள் தொங்கின. கொஞ்சமாக சலைன்.

"நெறய ஏத்துங்க டாக்டர், சீக்கிரம் சரியாகட்டும்" என்றேன்.

"அப்படி ஊத்த முடியாது சார். அதிகமானா நுரையீரல்ல போய் நிக்கும், மூச்சு முட்டும். பார்த்துப் பார்த்துத்தான் ஏத்தணும்."

வினோதினி மதியம் வந்து சேர்ந்தாள். டாக்டர் என் டைரியைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார்.

"இருபத்தஞ்சாம் தேதிக்கு அப்புறமும் ஒரு லிட்டர்தான் கொடுத்திருக்கீங்க. தாகத்துக்குக் குடிக்கலாம்னு நான் அவங்ககிட்ட சொன்னேனே? மாத்திரையைக் கூட்டினதால கட்டாயம் குடிக்கணும்னு சொன்னேன். சீட்டுலயும் எழுதினேன். அவங்க சொல்லலையா?"

வினோதினி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன். "எங்கிட்ட எதும் சொல்லலீங்க."

பொய்யையும் இங்கே எழுதிவிட்டேன்.

மார்ச் 8, சனி

துளசிமணி கண் திறந்துவிட்டாள். ஊரும் பேரும் சொல்கிறாள். கிழமை மட்டும் தவறுகிறது. கிரியாட்டினின் 2.6. மாத்திரை நின்றதும், குழாய்க்குள் தண்ணீர் தங்கியதும் கிட்னி கண் விழித்திருக்கிறது.

வினோதினி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏம்மா, டாக்டர் தண்ணி குடிக்கச் சொன்னதை அப்பாகிட்ட ஏன் சொல்லாம விட்டே? பாரு, எங்க வந்து நிக்குது" என்று கேட்டாள். குரலில் கோபமும் அழுகையும்.

நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். துளசிமணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மறதி இல்லை. 

"மறந்துட்டேன் கண்ணு" என்றாள்.

வினோதினி அதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் யோசித்தார். "அப்போ பத்து நாள் முன்னாடியே மறதி வந்திருக்கு. மூளை பாதிப்பு நாங்க நினைச்சதை விட முன்னாலயே தொடங்கியிருக்கு. சிரப்பைக் கூட்டறேன்" என்று எழுதினார்.

குழந்தைக்குப் பரீட்சை என்று வினோதினி சாயங்கால ரயிலில் ஊருக்குப் போய்விட்டாள். "அம்மா சொல்றதை நம்பி எதையும் விட்றாதீங்கப்பா. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

நேற்று எட்டு தடவை வயிறு போனது. இன்று மத்தியானத்துக்குள் ஐந்து. படுக்கையிலேயே. துடைக்கும்போதெல்லாம் அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

இங்கே யாரும் இப்போது அவளிடம் நேராகக் கேட்பதில்லை. கட்டில் அட்டையில் மறதி என்று எழுதியிருக்கிறது. காலையில் துளசிமணி சிஸ்டரிடம், "சிரப்பு நெறய ஆகிப்போச்சு அம்மிணி. வயித்துல ஒண்ணுமே இல்ல. நாக்கு வறளுது" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். சிஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என்னிடம் திரும்பி, "அப்படியா சார்?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷமாக நான் துளசிமணியைப் பார்க்கிற பார்வை அது. என் இடத்தில் இன்று வேறொருத்தி நின்றாள்.

பதினோரு மணிக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. கிரியாட்டினின் 2.6லிருந்து 3க்கு ஏறியிருக்கிறது. நன்றாக இறங்கி வந்தது ஏன் திரும்புகிறது என்று இளம் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது. உள்ளே ஏற்றுகிற தண்ணீர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடச் செய்வது சிரப். சிரப்பைக் கூட்டச் செய்தது என் வாய்.

ஜெசிந்தா டாக்டரின் அறை வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டார். உட்காரவில்லை.

"டாக்டர், அவ மறக்கலீங்க. அன்னிக்கே, பெஞ்சில உக்காந்து, நீங்க சொன்னத அப்படியே எங்கிட்ட சொன்னா. நாந்தான் தண்ணி குடுக்கலை. பேதி ஆனப்பறமும் மாத்திரைய நிறுத்தலை. அவ நிறுத்தச் சொன்னா. அதும் கேக்கலை. இங்க கேட்டப்ப, எம்புள்ள பக்கத்துல நின்னுட்டு இருந்தா. அதான்..."

டாக்டர் பேனாவை மூடினார். "ஏன் சார் நம்பலை?"

பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது. "அவ சொன்னதாலதானுங்க."

 திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "உங்ககிட்ட கோபப்பட எனக்கு இப்ப நேரமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வார்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். அட்டையில் இருந்ததை அடித்தார். சிரப்பைப் பாதியாகக் குறைத்தார். இன்னொரு அல்புமின் எழுதினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "துளசிமணி அம்மா, இனி நான் எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்றேன், நீங்களே எங்கிட்ட சொல்லுங்க" என்றார்.

துளசிமணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

கிரியாட்டினின் 2.3. சிறுநீர் 800. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரியாட்டினின் 1.6ல் நின்றுவிட்டது, பழைய நிலைக்கு இனி வராது என்கிறார் டாக்டர். தண்ணீர் கொடுக்காத அந்தப் பத்து நாளில் கிட்னி இழந்தது இழந்ததுதான். வயிற்றில் திரும்பவும் நீர் சேரும். வேண்டும்போது எடுத்து அல்புமின் ஏற்ற வேண்டியிருக்கும். மாற்று ஈரலுக்குப் பதிந்து வைக்கச் சொன்னார். கிட்னி நன்றாக இருந்திருந்தால் ஆபரேஷனுக்கு இன்னும் தோதாக இருந்திருக்கும் என்று இளம் டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். ஜெசிந்தா டாக்டர் திரும்பிப் பார்த்ததும் அவர் நிறுத்திக்கொண்டார்.

வினோதினி கார் எடுத்துக்கொண்டு வந்தாள். பத்து நாள் ஓசூரில் இருக்கட்டும், அங்கேயும் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, வீட்டோடு மாமியார் இருக்கிறார் என்றாள். துளசிமணியிடம், "போறியா?" என்று கேட்டேன். "போறனுங்க" என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத எடை இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர் இல்லை. ஆனாலும் கை தேடுகிறது.

எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "வவுறு கெட்டியா ஊதற மாதிரி இருக்குதுங்க, செருப்பும் பத்த மாட்டீங்குது" என்றாள். சோற்றைக் குறை என்றேன். அடுத்த மாசம் திரும்பச் சொன்னாள். வயசாகுதல்ல என்றேன். மூன்றாம் தடவை என்னிடம் சொல்லவில்லை. மயிலாத்தாள் அக்காவிடம் சொல்லி, அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் எட்டு மாசம் வீணாக்கியிருக்கிறேன். பதிவேட்டில் யாரும் எழுதாத எட்டு மாசம்.

நான் குடிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன். ஊரில் தங்கமான மனுஷன் என்பார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று வினோதினியிடம் போனில் சொல்லிவிட்டேன். அம்மா மறக்கவில்லை, உன் எதிரில் நான்தான் பொய் சொன்னேன் என்று. இனியும் அவள் தன் அம்மாவைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக எழுதுகிறேன். சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்றும் நினைத்தேன்.

 "நான் அம்மாவை எத்தனை திட்டினேன்ப்பா அன்னிக்கு. நீங்க ஜன்னல்கிட்ட நின்னு பாத்துட்டு இருந்தீங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மாலை நாலு மணிக்குத் துளசிமணியே கூப்பிட்டாள்.

"எதுக்குங்க அவகிட்ட சொன்னீங்க?"

"உம்மேல பழி இருக்கக் கூடாதுன்னுதான்."

"அந்தப் பழிய நான் வாங்கிட்டு முடிச்சுட்டனுங்களே. உங்களுக்காகன்னு நெனச்சீங்களா? அவளுக்காக. எங்கப்பா மாதிரி உண்டான்னு சொல்லிட்டுத் திரிவா. நான் போயிட்டாலும் அப்பான்னு ஒருத்தர் அவளுக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களே, அது வேணும். அதுலதான் நான் பொளச்சேன். இத எதுக்குச் சொன்னீங்க?"

போனை மற்ற காதுக்கு மாற்றினேன்.

"காலைல இருந்து அவ சாப்புடலீங்க" என்றாள். பிறகு, "நான் இங்கயே இருந்துக்கறனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் குழம்பு என்ன என்பதுபோலச் சொன்னாள்.

ஏப்ரல் 9, புதன்

மயிலாத்தாள் அக்கா கேட்டார், எப்போது வருகிறாள் என்று. அடுத்த மாசம் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சேலத்தில் பஸ் மாறி ஓசூர் போய் வந்தேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். பையில் மாம்பழம் வாங்கியிருந்தேன். சர்க்கரைக்காரி, சாப்பிடக் கூடாது என்பது பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வினோதினி கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். வழக்கமாக "வாங்கப்பா" என்பாள். உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

துளசிமணி கூடத்து நாற்காலியில் இருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. போன வாரம் நான்கு லிட்டர் எடுத்தார்களாம். பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எடை, சிறுநீர், வயிறு போன தடவை. அவளுடைய கோணல் எழுத்து. அவளே எழுதுகிறாள்.

"இன்னிக்கு எத்தன?" என்று கேட்டேன்.

"அறுபத்தொண்ணு நாலு."

தாளைப் பார்க்கத் திரும்பிய கழுத்தை நிறுத்திக்கொண்டேன். அவள் அதையும் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

"ஊட்டுக்கு வரலாமுல்ல துளசி. தண்ணி எவ்வளவு வேணுமின்னாலும் குடி. நீ சொல்றத நான் இனி..."  முப்பத்து நாலு வருஷத்தில் அந்த வாக்கியத்தை முடிக்க நான் பழகவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "நீங்க கேப்பீங்க இனி. ஆனா எனக்கு ஒவ்வொண்ணும் சொல்றதுக்கு முன்னால, நம்புவாரா நம்ப மாட்டாரான்னு ஒரு நெனப்பு ஓடுமுங்க. இங்க அது இல்ல. தாகம்னா தாகம். மீதி இருக்கற நாளு இப்படியே போகட்டுமுங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். மெதுவாக சமையலறைக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

குடித்தேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு, "மூணரைக்கு ஒரு சேலம் வண்டி இருக்குதுங்க. அதுல போனா உக்காந்து போலாம்" என்றாள்.

உட்கார இடம் கிடைத்தது.